ஊட்டும் தகுதி

அந்த இல்லத்துக்குப் புதிய நிர்வாகம் வந்ததும் முதல் வேலையாக வாசல் பலகையிலிருந்து 'முதியோர்' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்தார்கள். அது மனத்தைத் தளர வைக்கும் சொல்லாம். அந்த இடத்தில் 'கற்போர்' என்று எழுதினார்கள். ஒரே காலையில் பல் போனவர்களும் காது போனவர்களும் மாணவர்கள் ஆகிவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் மத்தியானத்துக்குள் மறந்துபோயிற்று.

டிரைவர் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் அங்கே வசிப்பவர் அல்ல. அவர் மனைவி அங்கே இருந்தாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். அவர் ஓட்டினார், அவள் டிக்கெட் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும், மகள் பிறந்த பிறகும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள் அவரை 'டிரைவரே' என்றுதான் கூப்பிட்டாள். அவர் அவளைக் 'கண்டக்டர்' என்பார். சண்டை வந்த நாட்களில் மட்டும் 'கண்டக்டர் அம்மா'.

பிறகு நினைவு அவளை விட்டு நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கிப் போனது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்புறம் வீட்டுக்கு வரும் வழி, அப்புறம் பெற்ற மகள். கடைசியில் டிரைவரும் இறங்கிவிட்டார். ஒருநாள் அவரைப் பார்த்து, "சில்லறையா குடுங்க" என்றாள். அவரும் சட்டைப் பையைத் துழாவிச் சில்லறை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யார் ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒரு மத்தியானம், எதையோ யோசித்தபடி, டிரைவர் ஸ்பூனால் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் வாய் திறந்தது. பஸ்ஸில் அவர்களுக்குள் இருந்த பாஷை அது. பின்னாலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தால் போகலாம், ஒரு தட்டு விழுந்தால் நிறுத்த வேண்டும். அவள் தட்டுவாள், அவர் ஓட்டுவார். ஏன் நிறுத்தச் சொல்கிறாள் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்துக் கேட்டதில்லை. எல்லாரும் இறங்கிப் போன வண்டியில் அந்த இரண்டு தட்டு மட்டும் ஏதோ ஒரு ஸீட்டில் உட்கார்ந்திருந்தது.

அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை. ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். அவர் தங்கியிருந்த மகளின் வீடு லிஃப்ட் இல்லாத மாடியில். அவளைத் தூக்க அவரால் ஆகாது. அதனால் அவள் இல்லத்தில் இருந்தாள், அவர் மத்தியானம் தவறாமல் பஸ் பிடித்து வந்து ஊட்டிவிட்டுப் போனார். இல்லத்து ஸ்பூன் அவள் வாய்க்குப் பெரிது என்று வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூனைச் சட்டைப் பையில் கொண்டு வருவார்.

பலகை மாறிய அன்று வாசலில் அந்த ஸ்பூனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள்.

"என்னப்பா இது?" என்றார் டிரைவர்.

"ஊட்டும் கருவி உள்ள போகக் கூடாதாம்" என்றார் வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றவர். டிரைவருக்கு அவரைத் தெரியும். நேற்றுவரை இல்லத்தின் சமையல்காரர்.

"நீ எப்படி இங்க?"

"தெரிஞ்ச வேலையவே செஞ்சா மனுஷன் தேங்கிப் போயிடறானாம். அதனால என்னை வாசலுக்கு அனுப்பிட்டாங்க. வாட்ச்மேன் இப்ப அடுப்படியில நிக்கறான்." சமையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு உப்பு எது, சோடா மாவு எதுன்னு தெரியாதுங்க. கத்துக்கிட்டு இருக்கானாம்."

தெரிந்த வேலையைச் செய்வது அந்த வளாகத்தில் குற்றமாகிவிட்டிருந்தது. நாள் முழுக்க ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாளிடமிருந்து ஊசிகளை வாங்கிக்கொண்டு அல்ஜீப்ரா புத்தகம் கொடுத்தார்கள். கால் ஒன்று மரக்காலாக இருந்தவருக்கு ஸ்கிப்பிங் கயிறு. பார்வையில்லாத ஒரு பெரியவர் இருந்தார். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவர் என்பதால் எல்லாரும் அவரை ரேடியோக்காரர் என்பார்கள். பழைய பாட்டு எதைக் கேட்டாலும் பாடுவார். பாட்டு அவருக்குச் சுலபமாக வருகிறது என்று கண்டுபிடித்து அதைத் தடுத்து, வாட்டர் கலர் டப்பா ஒன்றைக் கையில் திணித்தார்கள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா?" என்று கேட்டார்.

லிஃப்டை நிறுத்தி, கதவில் 'படிகளே பாடம்' என்று ஒட்டினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அழைப்பு மணியை மட்டும் எடுக்கவில்லை. அதை அழுத்தினால் இனிமையான பெண் குரல் ஒன்று, "முதலில் நீங்களே முயன்று பாருங்கள்" என்று சொல்லும். மறுபடி அழுத்தினால், "அருமை. மறுபடி முயல்கிறீர்கள்" என்று சொல்லும்.

இயக்குநர் இந்த ஏற்பாட்டையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டு விளக்கினார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல குரல். பக்கத்தில் நின்ற உதவியாளர் அவருக்காக ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கற்போரே," என்றார் இயக்குநர். "உதவி என்பது என்ன? உன்னால் முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் உதவி. இந்த இல்லத்தில் இதுவரை ஊட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நினைத்தாலே எனக்குக் கண் கலங்குகிறது. இன்று ஒருவர்கூட இல்லை. அவர்கள் வெளியே போய் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இனி இங்கே 'முடியாது' என்ற சொல் கிடையாது. 'இன்னும் முடியவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும்." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "நான் என் வாழ்க்கையில் எதையுமே பிறரிடம் எதிர்பார்த்ததில்லை."

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க" என்றாள்.

இயக்குநர் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

டிரைவர் அவரை அறையில் போய்ப் பார்த்தார்.

"யாருக்கு ஊட்டறீங்க ஐயா?" என்று அன்பாகக் கேட்டார் இயக்குநர்.

"என் வீட்டுக்காரிக்குங்க."

"இல்லை. நீங்க அவங்க இயலாமைக்கு ஊட்டறீங்க."

"அவ பேரு அது இல்லீங்க."

இயக்குநர் புன்னகையை மாற்றவில்லை. "அவங்க ஏன் ஸ்பூனைப் பிடிக்க மாட்டேங்கறாங்க?"

"மறந்துட்டா சார்."

"மறந்துட்டாங்கன்னு சொல்லாதீங்க. இன்னும் ஞாபகம் வரலைன்னு சொல்லுங்க. ஒவ்வொரு மத்தியானமும் நீங்க வந்து, பாவம், அவங்க கத்துக்கற வாய்ப்பைக் கெடுத்துட்டுப் போறீங்க. பசி ஒரு பெரிய ஆசிரியர் ஐயா."

"சார், அவ மூணு வேளை பட்டினி கிடந்தா தாங்க மாட்டா. உடம்பு அப்படி."

"தாங்க மாட்டாங்க இல்லை. இன்னும் தாங்கலை."

டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். டெப்போ மேனேஜர்கள் பலரைப் பார்த்தவர்தான். கத்தும் மேனேஜர், கையெழுத்துப் போடாத மேனேஜர், ஸீட்டிலேயே இல்லாத மேனேஜர். இப்படி அன்பாகக் கழுத்தை அறுப்பவரை மட்டும் பார்த்ததில்லை.

"ஊட்டவே கூடாதுன்னு நாங்க சொல்லலை" என்றார் இயக்குநர். "குடும்பத்தினருக்கு வளர்ச்சி வகுப்பு இருக்கு. மூன்று நிலை. மூன்றாம் நிலை முடிச்சவங்க விரும்பினா ஊட்டலாம். அதுவரைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். மீறினா அவங்களை அமைதிப் பிரிவுக்கு மாத்த வேண்டி வரும். அங்க பார்வையாளர் கிடையாது."

டிரைவர் மகளுக்குப் போன் செய்தார். "அப்பா, அவங்க படிச்சவங்கப்பா, ஏதாவது காரணம் இருக்கும்" என்றாள் மகள். அப்புறம் ஒத்துக்கொண்டாள். "வேற எங்கயும் இடம் கிடைக்கலைப்பா. நானும் கேட்டுட்டேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கப்பா." அவள் குரல் உடைந்திருந்தது. அதனால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நிலையின் பெயர் 'விடுதல்'. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைத்தார்கள். இயக்குநர் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்து டிரைவர் காலடியில் உருண்டது. டிரைவர், தகடு வைத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகிக் குனிந்து, எடுத்துத் துடைத்து, "இந்தாங்க சார்" என்று நீட்டினார்.

வட்டம் முழுதும் பெருமூச்சு விட்டது. அதுதான் பரீட்சை. டிரைவர் தோற்றுவிட்டார்.

அடுத்த வாரமும் தோற்றார். அல்ஜீப்ரா அம்மாளின் சால்வை தோளிலிருந்து நழுவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எல்லாரும் இருந்தார்கள். டிரைவரின் கை அவரைக் கேட்காமலே போய் அதை இழுத்துவிட்டது. "உங்க கைக்குக் கற்கும் மனப்பான்மையே இல்லை" என்று இயக்குநர் வருத்தப்பட்டார். கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

டிரைவர் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் கையைப் பையில் வைத்துப் பழகினார். மத்தியானத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் கண்டக்டர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஓட்ஸ் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஸ்பூனைச் சொருகி வைத்திருந்தார்கள். அவள் அதை டிக்கெட் கட்டு மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சில நாள் பசி தாங்காமல் விரலை விட்டு நக்குவாள். அதைத் 'தன்முயற்சி' என்று கைதட்டினார்கள். கையலம்ப வைக்க ஆள் கிடையாது.

கவனக் கூடம் என்று ஓர் அறை திறந்தார்கள். சுவரில் கறுப்பாக ஒரு புள்ளி. சிதறாத மனத்தோடு அதைப் பார்க்க வேண்டும். கண்டக்டர் முதல் பரிசு வாங்கினாள். சாப்பாட்டு மணி அடித்தும் அவள் கண்ணை எடுக்கவில்லை என்று இயக்குநர் மெய்சிலிர்த்தார். அவளை எங்கே திருப்பி வைத்தாலும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பரிசாக ஒரு ரிப்பன் குத்தினார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியதால் அது நேராக நிற்கவில்லை.

அவள் மெலிந்துகொண்டே போனாள். டிரைவர் நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தேவையில்லாததை உதறிட்டு வர்றாங்கன்னு எழுதச் சொல்லியிருக்காங்க ஐயா" என்றாள். அவள் முந்தைய மாதம்வரை இல்லத்தின் தோட்டக்காரி.

டிரைவருக்குப் பயம் வந்தது. இந்த வகுப்பை எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்து எல்லாரும் மாடிப்படிக்கு வந்தபோது, ரேடியோக்காரர் படியோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கோல் கைதவறி விழுந்து படியில் கடகடவென்று போய்விட்டது. அவர் காற்றைத் தடவினார். "யாராவது இருக்கீங்களா? கோல் விழுந்துடுச்சு" என்றார். டிரைவர்தான் பக்கத்தில். கை நீட்டினால் தொடும் தூரம். பின்னால் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

டிரைவர் சட்டைப் பைக்குள் இருந்த கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறிப் போகும் கஞ்சியை நினைத்துக்கொண்டார். பெரியவர் காலால் படியைத் தேடினார். அது அவர் நினைத்ததைவிடக் கீழே இருந்தது.

விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. மோவாய் கிழிந்து ரத்தம் வந்தது.

"பிரமாதம்" என்றார் இயக்குநர், டிரைவரின் தோளைத் தட்டி. "முதல் நிலை, இரண்டாம் நிலை ரெண்டும் ஒரே தாவல். உங்களுக்குள்ள ஏதோ மாறியிருக்கு. உணர முடியுதா?"

"முடியுது சார்" என்றார் டிரைவர். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு நாய்மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்பவர் அவர்.

மூன்றாம் நிலை பட்டத்தை வளர்ச்சி விழாவில் வைத்துக் கொடுத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். மேடையில் பூக்கள், மைக், ஒரு மேசை. மேசை முன்னால் சக்கர நாற்காலியில் கண்டக்டர். எதிரில் கஞ்சிக் கிண்ணம், கையில் ஸ்பூன். யார் தூண்டுதலும் இல்லாமல் அவள் தானாக உண்பதைப் பெரியவர்களுக்குக் காட்டப்போகிறார்கள்.

முதலில் டிரைவரை மேடைக்குக் கூப்பிட்டு நெஞ்சில் வெள்ளி நிறத்தில் ஒரு பேட்ஜ் குத்தினார்கள். கைதட்டல் அடங்கியதும் அவர் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று இயக்குநரிடம் கேட்டார்.

"சார், இப்ப ஊட்டலாமா?"

இயக்குநர் சிரித்தார். "மூன்றாம் நிலை எய்தியவருக்கு ஊட்ட அனுமதி உண்டு ஐயா. ஆனா உண்மையிலேயே அதை எய்தினவருக்கு ஊட்டணும்னு தோணாது. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

"எனக்குத் தோணுதுங்க."

"அப்ப நீங்க இன்னும் எய்தலை." அவர் கையாலேயே பேட்ஜைக் கழற்றினார். கழற்றும்போது ஊசி சட்டையில் மாட்டி ஒரு நூல் பிரிந்து வந்தது. "மனம் தளராதீங்க. முதல் நிலையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம். தோல்விதானே நம்ம பாடம்."

டிரைவரைக் கீழே இறக்கி முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

கண்டக்டர் கிண்ணத்தைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். இயக்குநர் மைக்கில் கிரிக்கெட் வர்ணனை போலத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "யோசிக்கிறார். ஆம், சவாலை எடை போடுகிறார். அவசரப்படவில்லை, கவனித்தீர்களா? இதுதான் கவனம்." கஞ்சியின் மேல் ஆடை படிந்தது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். கண்டக்டரின் கழுத்தில் எலும்புகள் தெரிந்தன. டிரைவர் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றார், பார்த்தார்.

அப்போது அவள் ஸ்பூனைத் தூக்கினாள். மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தொடங்கிவிட்டார்" என்றார் இயக்குநர். கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

டிரைவருக்கு மட்டும் அது வேறு விதமாகக் கேட்டது. அவர் எழுந்து மேடைச் சரிவில் ஏறி, கிண்ணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். எத்தனையோ வருஷம் செய்ததைத்தான் அப்போதும் செய்தார். சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்தார், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார், வண்டியை எடுத்தார். நடுப்பாதை வழியாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்கள். கைதட்டல் உடனே நிற்கவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்தவர்கள் வழிவிட்டார்கள். தெரிந்தவர்கள் மட்டும் இயக்குநரைப் பார்த்தார்கள். யாராவது ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தானாக முன்வந்து எதையும் செய்யாமலிருக்க அங்கே எல்லாரையும் நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

வாசலில் சமையல்காரர் நின்றுகொண்டிருந்தார். நல்ல வாட்ச்மேனாக இருந்திருந்தால் மறித்திருப்பார். டோக்கனைக்கூடக் கேட்காமல் மேசை டிராயரிலிருந்து அந்தச் சின்ன ஸ்பூனை எடுத்துக் கொடுத்தார். பிறகு காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டார்.

"பழக்கதோஷங்க. பையிலேயே வெச்சிருக்கேன்" என்றார். "அவன் உப்பே போடறதில்லை."

தெருவைக் கடந்தால் பஸ் நிறுத்தம். நிழற்குடைக்குக் கீழே ஒரு சிமெண்டு பெஞ்சு. நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்திப் பிரேக் போட்டுவிட்டு டிரைவர் உட்கார்ந்தார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளின் மாடிப்படி ஞாபகம் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கஞ்சியைக் கலக்கினார்.

"பசிக்குதா கண்டக்டர்?"

அவர் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். வாய் திறந்தது. உதடு வெடித்திருந்தது. ஊட்டினார். அவள் நாக்கால் துழாவி விழுங்கினாள். மறுபடி தட்டினார், மறுபடி திறந்தது. உதட்டோரம் வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை மிச்சமில்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். படியில் ஏறுகிறவர்களை, இறங்குகிறவர்களை, உள்ளே இடமிருந்தும் வாசலிலேயே நின்ற ஒரு வாலிபனை. அவள் முகத்தில் ஏதோ வந்தது. கண்டிப்பா, சிரிப்பா, அவரால் சொல்ல முடியவில்லை. வேலை செய்யும்போது அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பஸ் போனதும் அவர் இன்னொரு ஸ்பூன் எடுத்தார். தட்டுவதற்கு முன்பே, அவள் நாற்காலியின் கைப்பிடியில் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார். அவள் தலை மெதுவாகச் சாய்ந்து அவர் தோளுக்கு வந்தது. தூங்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த பஸ் வந்து நின்று, அதை ஓட்டிவந்தவர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, ஏறலையா?" என்று கேட்டபோதும் அசையவில்லை. அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"நீ போப்பா" என்றார்.

இல்லத்தில் அவளுடைய படத்தை நுழைவாயிலில் மாட்டினார்கள். கையில் ஸ்பூனோடு மேடையில் இருக்கும் படம். கீழே, 'யார் தூண்டுதலும் இன்றித் தானே முடிவெடுத்தவர்' என்று எழுதியிருந்தது. அவளுடைய துணிகளை வாங்கிக்கொள்ள வந்த டிரைவர் அதன் முன்னால் நின்றபோது இயக்குநர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உதவியாளர் இருவருக்கும் சேர்த்துக் குடை பிடித்தார், கூரைக்குக் கீழே நிற்கிறோம் என்பதை மறந்து.

"பெரிய இழப்பு ஐயா. பெரிய வாய்ப்பும்கூட. துயரத்துல வளர்றதுக்குன்னே ஒரு புது வகுப்பு ஆரம்பிச்சிருக்கோம். முதல் இடம் உங்களுக்குத்தான். இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு நாலு பேர் முன்னாடி நீங்க சொல்லணும்."

டிரைவர் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் கத்துக்கலைங்க" என்றார். "அவ இல்லை. அவ்வளவுதான் தெரியுது."

"இன்னும் கத்துக்கலை" என்று திருத்தினார் இயக்குநர்.

துணிப்பையை வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்க வந்தபோது ரேடியோக்காரர் படியோரத்தில் நின்றுகொண்டிருந்தார். மோவாயில் தையல் போட்ட தழும்பு. கோல் மறுபடியும் கீழே கிடந்தது. இந்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை. காலால் படியைத் தேடிக்கொண்டிருந்தார்.

டிரைவர் பையைக் கீழே வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க விழுந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

"தெரியும்" என்றார் ரேடியோக்காரர். "மூச்சு கேட்டுச்சு."

பெரியவர் டிரைவரின் முழங்கையைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது.

"உங்க வீட்டம்மா போயிட்டாங்கன்னு சொன்னாங்க. மணி அடிச்சா வர்ற பொம்பளைக் குரலைவிட அவங்க 'உள்ள போங்க'ன்னு சொல்றது நல்லா இருக்கும்."

"ஆமாங்க" என்றார் டிரைவர். "நல்லா இருக்கும்."

மேலேயிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "ஐயா, விட்டுடுங்க. அவரே இறங்கட்டும். அவர் வளர்ச்சியைக் கெடுக்காதீங்க."

டிரைவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டினார். பெரியவரின் கால் முதல் படியில் சரியாகப் பதிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு இரும்புக் கைப்பிடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினார்.